வாசலில் எறும்பு

மார்ச் 3
எங்கள் நாய் செம்பி மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்த்திருந்தது. இரண்டு வாரமாகவே தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்ப நிரப்பக் காலி செய்கிறாள். வெயில் என்று நினைத்துவிட்டேன். நன்றாகத்தான் சாப்பிடுகிறாள், ஆனாலும் விலா எலும்பு தெரிகிறது. அம்மா எறும்பைப் பார்த்துவிட்டு, "இவளுக்கும் சுகர் இருக்கும் போலருக்குடா" என்றாள்.

மார்ச் 4
செம்பியின் ரத்தச் சர்க்கரை 412. நாய்க்கு 80 முதல் 120 வரைதான் இருக்க வேண்டுமாம். 200ஐ ஒட்டிப் போனாலே சிறுநீரகம் சர்க்கரையை வெளியே விட்டுவிடுகிறது. சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதுதான் அந்தத் தாகம். நான் போட்ட பிஸ்கட்டாலா என்று கேட்டேன். இல்லை என்றார் டாக்டர். பெரும்பாலான நாய்களுக்குக் கணையம் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகிறது, மாத்திரை உதவாது, ஊசிதான். போன மாதம் செம்பி பருவத்துக்கு வந்திருந்தாள். அதையடுத்து ஊறும் ஹார்மோன் இன்சுலினை வேலை செய்ய விடாதாம். உடம்பு தேறியதும் கருப்பையை எடுத்துவிட வேண்டும்.

மார்ச் 6
அம்மாவின் ஊசியையே எடுக்கப் போனேன். நல்லவேளை, அம்மா தடுத்தாள். அவளுடையது ஆரஞ்சு மூடி, மில்லிக்கு 100 யூனிட் அளவு. செம்பியின் குப்பி 40. அம்மாவின் ஊசியில் பத்துக் கோடு இழுத்தால் உள்ளே போவது நாலு யூனிட்தான். சிவப்பு மூடி ஊசி வாங்கி வந்தேன்.

மார்ச் 19
காலையில் அவள் சாப்பிடுவதற்கு முன்பே ஊசி போட்டுவிட்டேன். பிறகு சோற்றை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். பத்து மணிக்குக் கால் பின்னியது, தலை ஆடியது. ஈறில் தேனைத் தடவிக்கொண்டே டாக்டருக்குப் போன் செய்தேன். கை நடுங்கியது. இனி சாப்பாடு முதலில், ஊசி பிறகு. சாப்பிடாவிட்டால் டாக்டரைக் கேட்காமல் ஊசியைத் தொடமாட்டேன். காலை ஏழு, இரவு ஏழு. கல்யாண வீடானாலும் கிளம்பி வந்துவிட வேண்டும்.

மார்ச் 30
அம்மாவின் குப்பியும் செம்பியின் குப்பியும் ஃபிரிட்ஜில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. 1921இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் கணையம் எடுக்கப்பட்ட நாய்களுக்குத்தான் முதலில் இந்த மருந்தைச் செலுத்திப் பார்த்தார்கள். அம்மா உயிரோடிருப்பதில் அந்த நாய்களுக்கும் பங்குண்டு. செம்பிக்கு ஊசி போடும் ஒவ்வொரு இரவும் இது நினைவுக்கு வருகிறது.

ஆகஸ்ட் 11
சர்க்கரை அடங்கியிருக்கிறது, எடை ஏறியிருக்கிறது. ஆனால் கண் வெளுத்துவிட்டது. சர்க்கரை நோய் வந்த நாய்களில் பலவற்றுக்கும் ஒரு வருஷத்துக்குள் கண்புரை விழுமாம். அறுவை செய்யலாம்; பணம் சேர்க்கிறேன். கூடத்து நாற்காலியை யாரும் ஓர் அங்குலம் நகர்த்த அம்மா விடுவதில்லை.