மூன்று மிடறு தேநீர்

ஊட்டிக்கும் குன்னூருக்கும் போய் வந்தவர்களுக்குத் தேயிலைத் தோட்டம் புதிதல்ல. ஆனால் ஒரு பெரிய நகரத்தின் எல்லைக்குள்ளேயே, டவுன் ரயிலை விட்டு இறங்கி, கம்பியில் தொங்கும் வண்டியில் ஏறி, அரை மணி நேரத்தில் தேயிலைச் சரிவில் போய் நிற்கலாம் என்றால் ஆச்சரியமாக இருக்கிறதல்லவா? தைவானின் தலைநகரான தைபேயில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. மாவ்கோங் என்று பெயர். தைபேயில் குடியிருக்கும் என் தங்கையுடனும் அவள் பிள்ளைகள் மூவருடனும் அங்கே போய் வந்தேன். பெரியவனுக்கு 15 வயது, நடுவில் பெண் 11, கடைக்குட்டிக்கு 6.

பூனை எங்கே?

ரயிலில் மிருகக்காட்சி சாலைதான் கடைசி ஸ்டேஷன். பக்கத்திலேயே தொங்கு வண்டி நிலையம். நான்கு கிலோமீட்டர் தூரம், காட்டுக்கு மேலே மிதந்துகொண்டே போகலாம். சில வண்டிகளுக்குத் தரையே கண்ணாடி! காலுக்குக் கீழே மரத்தின் உச்சி தெரியும். தலை சுற்றுகிறவர்கள் சாதாரண வண்டியிலேயே ஏறிக்கொள்ளுங்கள். 2007-ல் தொடங்கிய சேவை இது. 2008-ல் புயல் மழை ஒரு தூணின் அடிமண்ணை அரித்துவிட்டது. உடனே வண்டியை நிறுத்தி, அந்தத் தூணை வேறிடத்துக்கு மாற்றி, 2010-ல்தான் மறுபடி ஓடவிட்டார்கள். திங்கட்கிழமைகளில் பெரும்பாலும் ஓடாது. விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

'மாவ்கோங்' என்று எழுதுகிற சீன எழுத்துகளில் முதல் எழுத்துக்குப் பூனை என்று அர்த்தம். "பூனை எங்கே பெரியம்மா?" என்று கடைக்குட்டி வழியெல்லாம் தேடினான். பூனைக்கும் ஊருக்கும் சம்பந்தமே இல்லை. அங்குள்ள ஓடை பாறையைக் குடைந்து குழி குழியாக வைத்திருக்கிறது. அந்தக் குழிகளைக் குறிக்கும் உள்ளூர்ப் பேச்சு வார்த்தையைச் சத்தத்துக்கு ஏற்ப எழுதப் போக, பூனை வந்து உட்கார்ந்துகொண்டது!

வார்த்தை என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் கற்றுத் தருகிற சீன மொழியில் தேநீருக்குச் 'சா' என்று பெயர். நம் நாகர்கோவில் பக்கத்துச் 'சாயா' அந்த வழியில் வந்ததுதான். ஆனால் தைவானின் பெரியவர்கள் பேசும் ஹொக்கியன் மொழியில் அதுவே 'தே'. ஆங்கிலத்து டீயும் நம் தேயிலையின் 'தே'யும் இதே வார்த்தையின் வழியில் வந்தவை. "நம்ம வீட்டு வார்த்தையா இது!" என்று பெரியவன் வாயைப் பிளந்தான்.

வாழைக்காய் கறுக்கிற சமாசாரம்

பச்சைத் தேயிலை, கறுப்புத் தேயிலை, ஊலாங் எல்லாம் ஒரே செடியின் இலைதான். பக்குவத்தில்தான் வித்தியாசம். நறுக்கிய வாழைக்காய் காற்றுப் பட்டுக் கறுக்கிறதே, அதே சமாசாரம் கசங்கிய தேயிலையிலும் நடக்கிறது. கறுக்கவிடாமல் உடனே சூடு காட்டினால் பச்சைத் தேயிலை. முழுக்கக் கறுக்கவிட்டால் நம் வீட்டு டீத்தூள். இரண்டுக்கும் நடுவில் நிறுத்தினால் ஊலாங்! இலையை வெயிலில் வாட்டி, மூங்கில் தட்டில் போட்டுக் குலுக்குவார்கள். ஓரம் மட்டும் நசுங்கிச் சிவக்கும். சரியான நேரத்தில் சட்டியில் புரட்டிச் சூடு காட்டி நிறுத்திவிட வேண்டும். அந்த நேரம் தெரிவதுதான் கைப்பக்குவம்.

ஊலாங் என்றால் 'கறுப்பு டிராகன்'. 1869-ல் ஜான் டாட் என்ற பிரிட்டிஷ் வியாபாரி தைவான் ஊலாங்கைக் கப்பலில் நியூயார்க்குக்கு அனுப்பிய பிறகு இதன் புகழ் பரவியது. மாவ்கோங் பகுதியின் விசேஷம் 'தியே குவான்யின்' என்ற வகை. சீனாவின் ஆன்ஷி என்ற ஊரிலிருந்து இந்தச் செடி இங்கே வந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. இலையைத் துணியில் மூட்டை கட்டி உருட்டி உருட்டி, மிளகு போல உருண்டையாக்கி, மெதுவாக வறுக்கிறார்கள். பெயருக்கு 'இரும்புக் கருணைத் தேவி' என்று அர்த்தம். இந்த இரும்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

எனக்கு மட்டும் ஏன் இல்லை?

தேநீர்க் கடையில் இலைப் பொட்டலத்துக்கு ஒரு விலை, வெந்நீருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். மீந்த இலையை வீட்டுக்கு எடுத்துவரலாம். மேஜையில் சொப்புச் சாமான் மாதிரி குட்டி டீ ஜாடி, முப்பது மில்லிகூடக் கொள்ளாத கிண்ணங்கள். இலை மேல் கொதிநீரை ஊற்றி, முதல் தண்ணீரைக் கொட்டிவிடுகிறார்கள். இரண்டாவது தண்ணீர்தான் குடிக்க. ஒவ்வொரு கிண்ணமாக நேரே ஊற்றினால் முதல் கிண்ணம் வெளிறியும் கடைசிக் கிண்ணம் கடுத்தும் போகும் அல்லவா? அதனால் எல்லாவற்றையும் ஒரு குவளையில் வடித்து, பிறகு பங்கிடுகிறார்கள். அதற்கு 'நியாயக் குவளை' என்று பெயர்! சீன எழுத்தில் 'சுவைத்தல்' என்பதற்கு மூன்று வாய்களை வரைவார்கள். ஒரு கிண்ணத்தை மூன்று மிடறாகக் குடிப்பது வழக்கம்.

நியாயக் குவளை வந்த இடத்தில்தான் நியாயத்துக்குச் சண்டை வந்தது. நடுவிலவளுக்கு ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. "மாத்திரை முடிகிற வரைக்கும் உனக்கு டீ கிடையாது" என்று தங்கை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "அண்ணாவுக்கு உண்டு, எனக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று குழந்தையின் கண் கலங்கிவிட்டது.

தங்கை சொன்னதில் தப்பில்லை. தேயிலையில் உள்ள டானின், சாப்பாட்டிலும் மாத்திரையிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. பெயரில்தான் இரும்பு, வேலையில் இரும்புக்கு எதிரி!

கடைக்கார அம்மாள் பாஷை புரியாமலே விஷயத்தைப் புரிந்துகொண்டாள். உயரமாக, ஒல்லியாக ஒரு கிண்ணத்தை எடுத்துவந்தாள். அது குடிக்க அல்ல, மோந்து பார்க்க! அதில் தேநீரை ஊற்றிக் குடிகிண்ணத்துக்கு மாற்றிவிட்டு, வெறும் கிண்ணத்தைப் பெண்ணின் கையில் கொடுத்தாள். வாசனை பிடித்துச் சொல்லும் வேலை அவளுக்கு. கண்ணை மூடி மோந்து, "வறுத்த பாசிப்பருப்பு!" என்றாள். இன்னும் கொஞ்சம் ஆறினதும், "இப்போ பானகம்!" கடைக்குட்டி மூக்கை நுழைத்து, "இல்லை, தாத்தா வீட்டு மர பீரோ" என்றான். வீட்டில் பாதி ஆங்கிலம், பாதி சீனம் பேசுகிற பிள்ளைகளுக்கு வாசனை சொல்லத் தமிழ்தான் வந்தது! ஐந்தாறு முறை அதே இலையில் தண்ணீர் ஊற்றினோம். நியாயக் குவளையிலிருந்து பங்கிடும் பொறுப்பும் அவளுக்கே. ஒரு சொட்டுக் கூட, குறைய இல்லாமல் ஊற்றினாள். கொதிகெண்டியை மட்டும் பெரியவர்கள் கையில் வைத்துக்கொண்டோம்.

வீட்டுக்கு என்ன செய்தி?

நம் வீடுகளில் பால் மறந்த குழந்தைக்கே டீயில் பொறையைத் தோய்த்து ஊட்டுகிற பழக்கம் இருக்கிறது. வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், சாப்பாடு இறங்காது. ரத்தமும் ஊறாது. நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, பெரியவர்களே சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காப்பி குடிக்க வேண்டாம் என்கிறது. 150 மில்லி டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கிறதாம். 12 வயதுக்குள் காஃபினே வேண்டாம் என்பது பல குழந்தை மருத்துவர்களின் யோசனை. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நல்லது.

ஊலாங் நீலகிரியிலும் சில தோட்டங்களில் தயாராகிறது. கிடைத்தால் ஒரு டம்ளர் கொதிநீருக்கு ஒரு டீஸ்பூன் இலை போட்டு, மூடி வைத்து, மூன்று நிமிஷத்தில் வடியுங்கள். பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்கு மூன்று மிடறு கொடுங்கள். சின்னதுகளுக்கு வெறும் கிண்ணத்தைக் கொடுத்து, "என்ன வாசனை சொல்லு பார்க்கலாம்?" என்று கேளுங்கள். பொறையைத் தோய்க்கத்தான் பால் இருக்கிறதே!