மூவர் வாசிக்கக் கேட்டேன்

ஜாஸ் இசையில் எனக்குப் பற்று உண்டு என்றால் என் மாணவர்கள் நகைப்பார்கள். தேவாரமும் கர்நாடக சங்கீதமும் ஒலித்த வீட்டில் வளர்ந்தவனுக்கும் அமெரிக்க இரவு விடுதிகளின் இசைக்கும் என்ன உறவு என்பது அவர்கள் கேள்வி. உறவு ஓர் இசைத்தட்டினால் ஏற்பட்டது. பியானோ வாசித்த பில் எவன்ஸ், பேஸ் வாசித்த ஸ்கொட் லாஃபாரோ, டிரம்ஸ் வாசித்த போல் மோஷியன் ஆகிய மூவரும் 1961ஆம் ஆண்டு ஜூன் 25ஆந் திகதி நியூயோர்க் நகரிலுள்ள வில்லேஜ் வான்கார்ட் விடுதியில் வாசித்தபோது எடுத்த பதிவு அது. அம்மூவரில் ஒருவர் பாட மற்றவர் பின்தொடரும் வழக்கம் இல்லை. ஒருவர் சொல்ல வாயெடுத்ததை மற்றவர் முடித்துவைப்பார்.

ஆனால் அந்தப் பதிவில் இசை மாத்திரம் கேட்கவில்லை. குவளைகள் உராயும் ஓசையும் கேட்கிறது. பேச்சுக் குரல்களும் கேட்கின்றன. பதினொரு நாட்களின் பின் லாஃபாரோ கார் விபத்தொன்றில் மாண்டார், வயது இருபத்தைந்து. இது முன்கூட்டித் தெரிந்திருந்தால் அன்று பேசிக்கொண்டிருந்தவர்கள் சற்றே வாயை மூடியிருப்பார்களா என்று நான் எண்ணுவதுண்டு.

அக்குறணையில் குடியிருக்கும் எனக்கு வில்லேஜ் வான்கார்ட் எட்டாத இடம். எனினும் மூவர் இசையை நேரிற் கேட்கப் பத்துக் கிலோமீற்றர் போனாற் போதும். கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து கண்டிக்குச் செல்லும் பஸ்ஸில் ஏறி, அண்மையில் ஒரு மாலை தலதா மாளிகைக்குச் சென்றேன். 1998ஆம் ஆண்டு ஜனவரி 25ஆந் திகதி அங்கே குண்டு வெடித்த செய்தியை மறந்த தமிழன் இருக்கமாட்டான். சோதனை முடிந்து உள்ளே நுழையும்போது மனம் சிறிது கூசத்தான் செய்கிறது. உள்ளே கேட்ட முதல் ஒலி அந்தக் கூச்சத்தைப் போக்கிவிட்டது.

கீழ்த்தளத்தில் ஹேவிசி வாசிப்போர் மூவர் நின்றனர். மூவரும் முதியவர், வெள்ளை வேட்டியும் சிவப்பு இடைக்கச்சையும் அணிந்திருந்தனர். ஒருவரிடம் தவுல்: ஒரு பக்கம் குச்சி, மறுபக்கம் வெறுங்கை. மற்றவரிடம் தம்மெட்டம என்னும் இரட்டைப் பறை. மூன்றாமவரிடம் ஹொரணெவ. நம் தவிலும் தம்பட்டமும் நாதஸ்வரமும் இவற்றின் உறவினர் என்பதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டியதில்லை. பெயரும் உருவமுமே சொல்கின்றன. பறையடிக்கும் கோலைச் சிங்களத்தில் ‘கடிப்புவ’ என்பர். கடிப்பு என்னும் சொல்லை நம் பழந்தமிழ் நூல்களில் காணலாம். நாம்தான் அதை மறந்துவிட்டோம்.

ஹொரணெவ வாசித்தவர் கன்னங்களில் காற்றைத் தேக்கி, அதை ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சை உள்ளிழுத்தார். ஆகவே அந்த நாதத்துக்கு இடைவெளியே இல்லை. ஓரிடத்தில் தம்மெட்டம திடீரென நின்றது. தவுல் தன் ஒலியை ஒடுக்கிக்கொண்டது. ஹொரணெவ ஒரே சுரத்தைப் பற்றிக்கொண்டு நீண்டது, நீண்டது, நான் மூச்சு விடவும் மறந்தேன். பின்னர் தம்மெட்டம வந்து சேர, தவுல் ஓங்கியது.

சுற்றிலும் நின்றவர்கள் கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் பிடித்தார்கள். மேல்மாடிக்குச் செல்லும் வரிசையில் இடம் பிடித்தார்கள். செவிகொடுத்தவர் ஓரிருவரே. இதற்காகப் பிறரைக் குறைகூற நமக்கு யோக்கியதை உண்டா? நம் கல்யாண வீடுகளில் தவிற்காரர் தனியாவர்த்தனம் வாசிக்கும் நேரம்தானே நமக்குச் சாப்பாட்டு நேரம்! தவில் மேதை தட்சணாமூர்த்தி (1933–1975) பிறந்த யாழ்ப்பாண மண்ணின் மக்கள் நாம். 1958ஆம் ஆண்டு டேவ் புரூபெக் என்னும் ஜாஸ் வித்துவான் சென்னைக்கு வந்தபோது, மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார். அந்நியர் தேடி வந்து கேட்டதை நாம் பந்திக்கு நடுவே கேட்கிறோம்.

பூசை முடிந்தபின் ஹொரணெவ வாசித்தவரை அணுகி, “குருன்னான்சே” என்று அழைத்தேன். ஆசானை மதித்து அழைக்கும் சொல் அது. அவர் திரும்பி என்னை ஒருகணம் பார்த்தார். ஊருக்கு வெளியே தம்மை அப்படி அழைப்பவர் இல்லை என்றார். சீவாளியை எடுத்துக் காட்டினார். தாளிப்பனை ஓலையில் தாமே செய்தது. அவருடைய முன்னோர் இந்தச் சேவைக்காகக் காணி பெற்றவர்கள். கோயிற் காணிச் சேவையைப் பணமாக மாற்றிக்கொள்ள 1870ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தும், அவர் குடும்பத்தார் வாசிப்பை விடவில்லையாம். மகனும் கற்றவன்தான், ஆனால் பெரஹரா காலத்தில் மட்டுமே வருவான், மற்ற நாட்களில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறான்.

மகன்மீது எனக்குக் குறை இல்லை. வாத்தியத்தைப் புனிதம் என்று போற்றி, வாசித்தவனைத் தாழ்ந்தவன் என்று ஒதுக்கிய சமூகம் அவனிடம் என்ன முகத்தோடு கலையைக் காப்பாற்று என்று கேட்கும்? இந்த விஷயத்தில் சிங்களவர் தமிழர் என்ற பேதமே கிடையாது.

“எந்த இடம் பிடித்தது, மாத்தயா?” என்று கேட்டார் அவர். தம்மெட்டம நின்று, அவருடைய சுரம் மாத்திரம் தனித்து நீண்ட இடம் என்றேன்.

அவர் சிரித்தார். தம்மெட்டம வாசிப்பவரைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவருக்கு எழுபதுக்கு மேல். இப்போது கை நடுங்குகிறது, குச்சி நழுவிவிடும். அவர் அதைச் சரியாகப் பிடிக்கும் வரை நாங்கள் இருவரும் அப்படியே காத்திருப்போம்.”