தாத்தாவின் புல்லட்

 

எங்கள் தாத்தாவிடம் 1978-ஆம் வருஷத்து புல்லட் ஒன்று இருக்கிறது. 1955-ல் சென்னையில் ஆரம்பித்த கம்பெனி, திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்தது. இப்போ வர்ற வண்டி மாதிரி இல்லை. இதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில்!

போன வருஷம் புவனகிரி வெள்ளாத்துப் பாலத்து மேட்டில் ஏறும்போது என்ஜின் கத்துது, வண்டி நகரல. "பழைய இரும்புக்குப் போட்டுடலாம், ஞாயித்துக்கிழம ஆள் வரச் சொல்லியிருக்கேன்" என்று அப்பா சொல்லிட்டார். தாத்தா ஒண்ணும் பேசல. அன்னிக்கு ராத்திரி சாப்பிடவும் இல்ல. எனக்கு அழுகையா வந்தது.

எங்க மாமா மெக்கானிக். வெள்ளிக்கிழமை வந்து பார்த்துட்டு, "கிளட்ச் பிளேட்டு தேஞ்சு போச்சு, அவ்வளவுதான்" என்றார். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் போய் புது பிளேட் வாங்கி வந்தார். சனிக்கிழமை நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி கிரீசு?" என்று ஆயா திட்டினாங்க.

இடது பக்க மூடியைக் கழட்டினால் உள்ளே எண்ணெய். பிளேட்டுகள் தட்டு அடுக்கின மாதிரி இருந்தன. "உராய்வு இருந்தாத்தானே பிடிக்கும்? எண்ணெயில கிடந்தா வழுக்காதா மாமா?" என்று கேட்டேன். மாமா மூன்று ஸ்பிரிங்குகளைக் காட்டினார். அது அமுக்குற வேகத்தில்தான் எண்ணெயிலும் பிடிக்குதாம். கிளட்ச்சை அழுத்தினால் ஒரு கம்பி கியர் பாக்ஸ் வழியா வந்து தள்ளி, பிளேட்டுகளைப் பிரித்து விடும்.

மாட்டி முடிச்சதும் மாமா கிளட்ச்சைப் பிடிச்சுப் பார்த்தார். "மாமா, ஒரு பக்கம் மட்டும் முன்னாடியே தூக்குது" என்றேன். உத்துப் பார்த்துட்டு, ஸ்பிரிங் ஸ்குரூக்களைச் சரி பண்ணினார். அப்புறம் நேரா தூக்கியது. கேபிளையும் கொஞ்சம் தளர்வா விட்டார். இழுத்துக் கட்டினால் பிளேட் சரியா பிடிக்காமல் சீக்கிரமே தேயுமாம்.

ஞாயிற்றுக்கிழமை இரும்புக்காரர் வந்தார். தாத்தா என்னைப் பின்னால் உட்கார வைத்துப் பாலம் ஏறினார். என்ஜின் கத்தவே இல்லை! திரும்பி வந்தபோது அப்பா அவருக்கு டீ கொடுத்து அனுப்பியிருந்தார். ஆயா என் கையில் சோப்பைக் கொடுத்து, "கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றாங்க.

தோழிகளே! பழசு என்று எதையும் தூக்கிப் போடாதீங்க. முதலில் திறந்து பாருங்க.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி