கையில் எழுத்தாணியுடன் ஒரு பெண்

இத்தாலியின் நேபிள்ஸ் நகரிலுள்ள தேசிய தொல்லியல் நூதனசாலைக்குச் செல்பவர்கள் பெரிய சிலைகளின் முன்னால்தான் அதிக நேரம் நிற்பார்கள். ஆனால் பெண்கள் நின்று பார்க்க வேண்டிய சிறிய சுவரோவியம் ஒன்றும் அங்கே உண்டு. அதன் உயரம் ஏறக்குறைய 65 சென்ரிமீற்றர் மாத்திரமே.

இது அருகிலுள்ள பொம்பேய் நகரில் 1868இல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது சாம்பலுக்குள் புதையுண்ட நகரம் அது. ஓவியம் இருந்த வீட்டை ஒட்டிப் பாண் சுடும் இடமும் இருந்தது. எனவே படத்திலுள்ள கணவனும் மனைவியும் வெதுப்பகம் நடத்தியவர்கள் எனக் கருதப்படுகிறது.

ஆனால் படத்தில் பாணும் இல்லை, மாவும் இல்லை. கணவன் வெள்ளை அங்கி அணிந்து, தானும் படித்தவன் என்று காட்டுவதுபோல் ஒரு பப்பிரசுச் சுருளைப் பிடித்திருக்கிறான். மனைவி அவனுக்குச் சற்று முன்னால் நிற்கிறாள். ஒரு கையில் மெழுகு பூசிய இரட்டைப் பலகை. மறு கையிலுள்ள எழுத்தாணியின் முனை நாடியருகே. எழுதுமுன் யோசிப்பது போன்ற தோற்றம். அந்தப் பலகைதான் அக்காலத்துக் கணக்குக் கொப்பி. கூர்முனையால் எழுதுவார்கள், தட்டையான மறுமுனையால் மெழுகைத் தேய்த்து அழிப்பார்கள்.

இது அன்றைய ஓவியர்களின் வழக்கம் என்றும் சொல்வார்கள். அதே நூதனசாலையில் 'சாப்போ' என அழைக்கப்படும் இன்னொரு பொம்பேய்ப் பெண்ணும், கூந்தலில் தங்க வலை அணிந்து, எழுத்தாணியை உதட்டருகே வைத்திருக்கிறாள். வழக்கமாகவே இருக்கட்டும். எழுதத் தெரிந்தவளாகத் தோன்றுவது ஒரு பெண்ணுக்குப் பெருமை என்பதால்தானே அது வழக்கமாயிற்று?

அந்தப் பெருமை எல்லோருக்கும் எளிதில் கிடைக்கவில்லை. 1875இல் பொம்பேயில் ஏலத்தரகர் ஒருவரின் வீட்டில் 150க்கு மேற்பட்ட மெழுகுப் பலகைகள் கிடைத்தன. உம்பிரிசியா யனுவாரியா என்ற பெண் கி.பி. 56இல் 11,039 செஸ்டர்ஸ் காசு பெற்றதற்கான பற்றுச்சீட்டும் அவற்றில் ஒன்று. காசு அவளுடையது. ஆனால் அவளது வேண்டுகோளின்படி அதை எழுதியவன் ஓர் ஆண்.

ஓவியத்திலுள்ள கணவனின் பெயர் தெரந்தியுஸ் நேயோ என்பதை வீட்டுச் சுவர் எழுத்தைக் கொண்டு சொல்கிறார்கள். மனைவியின் பெயர் எவருக்கும் தெரியாது. எழுத்தாணி மாத்திரம் 1,900 ஆண்டுகளுக்கு மேலாக அவள் கையிலேயே இருக்கிறது.

சகோதரிகளே, சங்கத்தின் கணக்குக் கொப்பியைக் கையில் எடுக்கும்போது இவளையும் நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கை நீங்களே எழுதுங்கள். அடியில் உங்கள் பெயரையும் எழுதிவிடுங்கள்.