ஒரு உறைக்கு ஒரு கத்தி

புனேயில் பொட்டி தட்டிப் பிழைக்கிறவன் நான். லேப்டாப்பில் லினக்ஸ். ஊரில் அப்பா நடத்தும் கடையின் கணக்கு மட்டும் விண்டோஸில்தான் திறக்கும். அதற்காகவே விர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஒரு விண்டோஸ் ஓடுகிறது.

பல வருடக் கணக்கு தனிப் பார்ட்டிஷனில் கிடக்கிறது. அத்தனையையும் காப்பி எடுத்து உள்ளே திணிக்க வேண்டியதில்லை. நிஜ பார்ட்டிஷனையே மெஷினுக்குக் காட்டிவிடலாம். அப்போது உருவாகும் விஎம்டிகே ஃபைலில் கணக்கு எதுவும் இருக்காது. எந்த டிஸ்க், எந்தப் பார்ட்டிஷன் என்ற விலாசம்தான் இருக்கும்.

ஆபத்து எங்கே என்கிறீர்களா? அதே பார்ட்டிஷன் லினக்ஸிலும் மவுண்ட் ஆகியிருந்தால் போச்சு. டிஸ்கில் எந்த இடம் காலி என்று இரண்டு பேரும் தனித்தனியாக மெமரியில் குறித்து வைத்திருப்பார்கள். இவன் எழுதியது அவனுக்குத் தெரியாது. அதன் மேலேயே எழுதிவிடுவான். என்டிஎஃப்எஸ் ஒரு நேரத்தில் ஒரு எஜமானனுக்காகச் செய்யப்பட்டது.

அதனால் நம்ம வீட்டுச் சட்டம் இதுதான். முதலில் லினக்ஸில் அன்மவுண்ட். பூட் ஆகும்போது தானாக மவுண்ட் ஆகாதபடி எஃப்எஸ்டேபிலிருந்தும் அந்த வரியை எடுத்தாச்சு. வேலை முடிந்ததும் விண்டோஸை முழுதாக ஷட்டவுன் செய்யணும். 'சேவ் ஸ்டேட்' கொடுத்தால் அது தூங்குகிறதே தவிர, பழைய குறிப்பை விடவில்லை. யூசரை 'டிஸ்க்' குரூப்பில் சேர்ப்பதும் வேண்டாம். மொத்த டிஸ்குக்கும் சாவி கொடுத்த மாதிரி.

இவ்வளவும் செய்தாலும், வெளி டிஸ்கில் ஒரு காப்பி வைத்துவிட்டுத்தான் மெஷினை ஆன் செய்வேன். அப்பாவின் உழைப்பாச்சே!