கடைவாய்ப் பல்

பல்லழகைப் பாடாத புலவர் நம் நாட்டில் அரியர். முல்லை அரும்பென்றும் முத்தின் நிரையென்றும் அவர்கள் வியந்து கூறுவனவெல்லாம் முன்வாய்ப் பற்களையே சாரும். கடைவாய்ப் பல்லுக்கு ஓர் உவமை கூறிய புலவரை யாம் இதுகாறும் கண்டிலேம். நகைக்குங்கால் வெளித்தோன்றாமையின் அதற்கு அணியிலக்கணத்தில் இடங்கிடைக்கவில்லை போலும்! ஆயினும் முறுக்கையும் வேர்க்கடலையையும் பொடியாக்கி வயிற்றுக்கு அனுப்பும் ஊழியம் முழுதும் அதன் தலைமேலதே. உழைப்போர் பின்னிற்க ஒப்பனையுடையோர் முன்னிற்றல் வாயினுள்ளும் வழக்கமாயிருக்கின்றது.

இப்பல்லைப்பற்றி யாம் ஆராயப் புகுந்ததற்குக் காரணமாயிருந்தவள் எம் தம்பியின் பேர்த்தி. ஏழாண்டு நிரம்பிய அச்சிறுமி கோடை விடுமுறையில் எம் இல்லத்தில் தங்கியிருந்தபோது ஓரிரவு கன்னத்தைக் கையாற் பொத்திக்கொண்டு அழுதாள். எம் தமக்கையார் அவள் வாயைத் திறந்து பார்த்து, "பாற்பல்தானே கண்ணு, விழுந்து வேறு முளைத்துவிடும்" என்று தேற்றி, ஒரு கிராம்பை நசுக்கி வைத்தார்கள். வலி இரண்டு நாள் தணிந்திருந்து மூன்றாம் நாள் மும்மடங்காயிற்று. பல் மருத்துவ அம்மையார் சிறு கண்ணாடியை வாயினுட் செலுத்தி நோக்கியபின் எம் பக்கம் திரும்பி, "ஐயா, இது பாற்பல் அன்று, இவளுக்கு அறுபது வயதானாலும் இருக்கவேண்டிய பல் இதுதான்" என்றார்கள். முளைத்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருக்கும். அதற்குள் அதில் ஒரு கம்புமணி நுழையத்தக்க குழி!

எம் தமக்கையாரின் எண்ணம் நம் வீடுகளில் பெரும்பாலும் பரவியிருப்பதேயாகும். முன்பல் ஒன்று ஆடினால் வீடு முழுவதும் அறியும். அது விழுந்தால் குழந்தை அதனைக் கூரைமேல் எறிந்துவிட்டு, புதுப்பல்லை நாள்தோறும் நாவால் தடவிப் பார்க்கும். ஆனால் முதல் நிலைக் கடைவாய்ப் பல்லோ ஒருவர்க்கும் அறிவிப்பதில்லை. குழந்தைக்கு ஏறத்தாழ ஆறாண்டு ஆகும்போது, எப்பல்லையும் விழச்செய்யாமல், பாற்பற்களுக்கெல்லாம் பின்னே, வாயின் நான்கு மூலைகளிலும் அது மெல்லத் தலைகாட்டுகின்றது. ஒன்றும் விழவில்லையாதலின் புதிதாக ஒன்று வந்ததென்று பெற்றோர் எண்ணுவதில்லை. கண்டவரும் அதனைப் பாற்பல்லென்றே கொள்கின்றனர். இதனை அறிதற்கு எளிய கணக்கொன்று உண்டு. பாற்பற்கள் மொத்தம் இருபது. நடுவிலிருந்து எண்ணினால் ஒவ்வொரு பக்கத்தும் ஐந்தே. ஆறாவதாக ஒன்று காணப்படின் அது நிலைப்பல் என்க. ஆறாம் வயதில் ஆறாவது பல் என்று நினைவிற் கொள்ளுதல் எளிது.

இனி அப்பல்லின் தலையை உற்று நோக்குவோம். முன்பல் வழவழப்பான சுவர் போன்றது. கடைவாய்ப் பல்லோ குன்றுகளும் பள்ளத்தாக்குகளும் செறிந்த ஒரு சிறு நாடு. அரைத்தற்கு அம்மேடுகள் வேண்டும்; மேடுகளுண்டாயின் பள்ளங்களும் உண்டன்றோ? அப்பள்ளங்களின் அடியிற் சில, மேலே நூலிழைபோற் குறுகி உள்ளே குடம்போல் விரிந்திருக்கின்றன. பிரஷின் இழை அவ்வாயைவிடப் பருமனானது. ஆகவே, குழந்தை எத்துணைப் பொறுமையாகத் துலக்கினும் அது பள்ளத்தின் மேலேயே ஓடிப்போகும். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தருமென்று நம் முன்னோர் கண்டது உண்மையே. ஆயினும் குச்சியாலும் அக்குடத்தினுள் நுழைதல் இயலாது. புளோரைடு கலந்த பற்பசையும் வழவழப்பான பக்கங்களுக்குத் தரும் காவலை இவ்விடத்து அவ்வளவு தருவதில்லை.

அங்கே நிகழ்வது யாது? பழங்காலத்தார் பல்லில் பூச்சி அரிக்கின்றதென்று கருதிக் கண்டங்கத்திரி விதையின் புகை பிடித்தனர். பூச்சியைக் கண்டவர் ஒருவரும் இலர். பெர்லினில் ஆராய்ச்சி செய்த மில்லர் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர், வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் புளிக்கச்செய்து அமிலமாக்குவதும், அவ்வமிலம் பல்லின் எனாமலைக் கரைப்பதும் சொத்தைக்குக் காரணமென 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். புதிதாய் முளைத்த பல்லின் எனாமல் முற்றிலும் இறுகியிராமையின் முதற் சில ஆண்டுகளே மிகுந்த அச்சத்துக்குரியவை. நிலைப்பற்களில் உண்டாகும் பத்துச் சொத்தைகளுள் ஒன்பது பின்பற்களிலேயே என்று அமெரிக்க நாட்டு நோய்த்தடுப்பு நிலையத்தார் கணக்கிட்டிருக்கின்றனர்.

பள்ளமே வழியாயின் பள்ளத்தை முன்னரே அடைத்துவிட்டாலென்ன? இவ்வெண்ணம் புதியதன்று. 1923இல் ஹயாட் என்னும் அமெரிக்க மருத்துவர், நோயுறாத பல்லையே சிறிது குடைந்து உலோகக் கலவையால் நிரப்பிவிடலாமென்று கூறினார். கள்வன் வருவானென்றஞ்சி வீட்டுக்காரனே சுவரை இடித்துக் கட்டுவதுபோன்ற இம்முறை எமக்கு உவப்பாயில்லை. குடையாமல் ஒட்டவைக்க வேண்டும். ஆனால் ஈரமும் வழவழப்புமுள்ள பல்லில் எதுவும் ஒட்டுவதில்லை. முட்டுக்கட்டை அதுவே.

அதனை நீக்கிய கதை இனியது. கோடாக் நிழற்படக் கருவியாற் பெருஞ்செல்வம் ஈட்டிய ஜார்ஜ் ஈஸ்ட்மன், தம் ஊராகிய ராச்செஸ்டரில் குழந்தைகளுக்கென ஒரு பல் மருத்துவ நிலையம் ஏற்படுத்தினார். அது 1917இல் திறக்கப்பெற்றது. பின்னர் லண்டன், ரோம், பிரஸல்ஸ், பாரிஸ், ஸ்டாக்ஹோம் ஆகிய நகரங்களிலும் அத்தகைய நிலையங்களுக்குப் பொருளுதவினார். அந்த ராச்செஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சி செய்துவந்தவர் மைக்கேல் பூனோகோர். தொழிற்சாலைகளில் உலோகத்தின்மேல் வண்ணம் நன்கு பற்றுமாறு முதலில் பாஸ்பாரிக் அமிலத்தால் அதனைப் பதப்படுத்துவர். பல்லையும் அவ்வாறே பதப்படுத்தினாலென்ன என்று அவர் எண்ணினார். 85 விழுக்காட்டுப் பாஸ்பாரிக் அமிலத்தை 30 விநாடி எனாமலின்மேல் வைத்துக் கழுவியபின் அக்ரிலிக் பிசினை இட்டார். அமிலம் படாத பல்லினும் இதில் அது நெடுநாள் பற்றி நின்றது. இவ்வாய்வு 1955இல் வெளியாயிற்று. எனாமலில் அமிலம் உண்டாக்கும் கண்ணுக்குப் புலப்படா நுண்துளைகளினுள்ளே பிசின் இறங்கி வேர்விட்டாற்போல் இறுகுகின்றது. சர்க்கரையிலிருந்து பிறந்து பல்லைக் கெடுப்பதும் அமிலம். மருத்துவன் கையிலிருந்து காப்பதும் அமிலம்! முன்னது நாட்கணக்கில் ஒளிந்து வேலைசெய்கின்றது. பின்னதற்குச் சில விநாடிகளே தவணை.

போவன் என்பார் 1962இல் காப்புரிமை பெற்ற உறுதியான பிசின், பூனோகோரும் கூயெட்டோவும் பள்ளமடைத்தலைப்பற்றி 1967இல் வெளியிட்ட ஆய்வு, ஒளியால் இறுகும் பூச்சுக்கள் என இத்துறை விரைந்து வளர்ந்தது. இன்று மருத்துவர்கள் இதனைச் சீலண்ட் என்கின்றனர்.

எம் சிறுமியின் கெட்ட பல்லைச் சீர்செய்ய ஐந்துமுறை செல்லவேண்டியதாயிற்று. ஊசியும் உண்டு, குடைகருவியின் ஓலமும் உண்டு, அவள் ஓலமும் உண்டு. எஞ்சிய மூன்று பற்களுக்கும் சீலண்ட் இட்டது ஒரே காலைப்பொழுதில். யாம் அருகிருந்து பார்த்தோம். பல்லைத் துலக்கினார்கள், இருபுறமும் பஞ்சுச் சுருளை வைத்து எச்சிலைத் தடுத்தார்கள், நீலநிறக் குழம்பாகிய அமிலத்தைச் சிறிது தடவினார்கள். கழுவி உலர்த்தியபோது பல்லின் தலை சுண்ணாம்பு பூசினாற்போல் மங்கி வெளுத்திருந்தது. வெளுத்தாலன்றிப் பிசின் பிடிக்காதென்றும், இந்நிலையில் ஒருதுளி எச்சில் பட்டாலும் மீண்டும் முதலிலிருந்தே தொடங்கவேண்டுமென்றும் அம்மையார் கூறினார்கள். பின் ஒரு சொட்டுப் பிசின் பள்ளங்களில் தானே ஓடிப் பரவிற்று. நீல விளக்கொளியைச் சிறிது நேரம் காட்டினார்கள், இறுகிவிட்டது. "அவ்வளவுதானா?" என்று சிறுமி கேட்டாள், ஊசிக்காகக் கண்ணை மூடிக் காத்திருந்தவளுக்கு அஃது ஏமாற்றமாகவே இருந்தது. பல்லை உலர்த்திவைக்க இயலாத சிறு குழந்தைகட்கு, லண்டனில் வில்சனும் கெண்டும் ஆக்கி 1972இல் வெளியிட்ட கிளாஸ் அயனோமர் என்னும் சிமெண்டு உதவுமாம்; அது விரைவில் உதிரினும் ஈரத்தைப் பொறுக்கும், புளோரைடையும் சிறிது சிறிதாகக் கசியவிடும்.

நோயில்லாத பல்லுக்கு மருந்து எதற்கென்று எம் தமக்கையார் வினவினார்கள். கரையுடைந்த பின்னரே ஏரிக்கு மண்சுமக்கும் ஊரார்க்கு இவ்வினா இயல்பே. சீலண்ட் இட்ட ஈராண்டுகட்குப் பின்பற்களின் சொத்தையில் நூற்றுக்கு எண்பது தடுக்கப்படுமென்றும், நான்காண்டு வரையில் பாதியளவேனும் காவல் நீடிக்குமென்றும் முற்கூறிய நிலையத்தார் கூறுகின்றனர். அந்நாட்டிற் சில பள்ளிகளுக்கு மருத்துவக் குழுவினர் பெயர்த்தெடுக்கும் நாற்காலியுடன் சென்று வகுப்புப் பிள்ளைகட்கு அங்கேயே பூச்சிடுகின்றனர். நம் நாட்டில் 2013இல் தொடங்கிய குழந்தைநலப் பரிசோதனைத் திட்டத்தின் நோய்ப்பட்டியலில் பல்நோயும் இடம்பெற்றிருக்கின்றது. ஆயினும் வந்த நோயைக் காண்பது வேறு. வாராமல் வாயிலடைப்பது வேறு. ஆசிரியப் பணியை நாடிச் செல்லவிருக்கும் எம் மாணவர் ஒவ்வொருவரும் முதல் வகுப்புப் பிள்ளையின் ஆறாவது பல்லை எண்ணிப் பார்த்துப் பெற்றோர்க்கு ஒரு சொல் சொல்வாராயின், அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

பூச்சு என்றும் நிற்பதன்று. தேயும், ஓரம் பெயரும். ஆறு திங்களுக்கு ஒருமுறை காட்டி, பெயர்ந்தவிடத்து மீண்டும் இடவேண்டும். இரு பற்களுக்கிடையே தோன்றும் சொத்தையை இது தடுக்காதாகலின் பல் துலக்கலும் இனிப்பைக் குறைத்தலும் முன்போலவே வேண்டும். பன்னிரண்டாம் ஆண்டளவில் இரண்டாம் கடைவாய்ப் பற்கள் முளைக்கும்போது இதே காவல் மறுபடியும் தேவைப்படும். அப்போது பிள்ளை ஏழாம் வகுப்பிலிருப்பான். பெரியோர் வாயைத் திற என்றால் திறக்கும் வயதன்று அது.