பழுப்பு நிறம் சொல்வது

பாறையைக் கண்ணால் பார்த்து அதில் பொன் எவ்வளவு என்று சொல்ல இயலாது என்பதைக் கோலார் தங்கவயலை அறிந்தோர் அறிவர். பொடித்து, உருக்கி, சோதித்த பின்னரே ஒன்று பொன் தாங்கியது, மற்றொன்று வெறுங்கல் என்பது புலப்படும். மூளைக் கட்டிகளின் நோயியலோ நெடுங்காலம் கண்ணையே நம்பியிருந்தது. செல்களின் வடிவம், பிளவு, இரத்தக்குழாய்ப் பெருக்கம், திசு இறப்பு ஆகியவற்றை நுண்ணோக்கியில் கண்டே கிளையோமாவின் தரநிலை முடிவு செய்யப்பட்டது. ஆயினும் ஒரே தோற்றமுடைய கட்டியோடு ஒருவர் பல ஆண்டுகள் வாழ்வதும், மற்றொருவர் ஓராண்டுக்குள் மறைவதும் விளங்காப் புதிராகவே இருந்தன.

2008ஆம் ஆண்டில் ஐ.டி.எச்.1 மரபணுவின் சடுதிமாற்றம் கண்டறியப்பட்டபோது அப்புதிரின் பெரும்பகுதி விடுபட்டது. பெரும்பாலும் அப்புரதத்தின் 132ஆம் இடத்தில் ஆர்ஜினைனுக்கு மாற்றாக ஹிஸ்டிடின் அமர்ந்துவிடுகிறது. மாறிய அப்புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை 2009இல் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் உருவாக்கினர். மெழுகில் பதித்த திசுவின் மெல்லிய சீவலில் அதை இட்டால், மாற்றமுற்ற செல்கள் பழுப்பு நிறம் கொள்ளும். அதே ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கிளையோபிளாஸ்டோமா எனப்பட்ட நோயாளிகளுள் இம்மாற்றம் உடையோரின் இடைநிலை வாழ்நாள் 31 மாதங்கள். இல்லாதோருக்கு 15 மாதங்கள்.

எனவே உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் மூலக்கூறு அடையாளங்களை வகைப்பாட்டினுள் கொணர்ந்தது. 2021இல் இம்மாற்றமுடைய கட்டிகளைக் கிளையோபிளாஸ்டோமா என்னும் பெயரிலிருந்தே விலக்கியது. மாறிய நொதியைத் தடுக்கும் வோராசிடெனிப் என்னும் மருந்து, இம்மாற்றமுடைய இரண்டாம் தரநிலைக் கட்டிகளுக்கென 2024இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பெயரை மாற்றிய குறிப்பான் இப்போது மருந்தையும் தீர்மானிக்கிறது.

எல்லாக் குறிப்பான்களும் இந்நிலையை எய்துவதில்லை. பெங்களூருவில் நிம்ஹான்சைச் சேர்ந்த வாணி சந்தோஷும் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த குமாரவேல் சோமசுந்தரமும் தம் குழுவினருடன் 2010இல் வெளியிட்ட ஆய்வு, ஐ.ஜி.எப்.பி.பி.-3 என்னும் புரதம் மிகுந்த கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளின் வாழ்நாள் குறைவதைக் காட்டிற்று. அது நோயின் போக்கை உணர்த்தும் அரிய செய்தி. எனினும் எந்தச் சிகிச்சையைத் தேர்வது என்பதை அது மட்டுமே சொல்லிவிடாது. எம்.ஜி.எம்.டி. இதற்கு மற்றொரு சான்று. டெமோசோலமைடு பயன் தருமா என்பதைக் கணிக்க, அப்புரதத்தின் சாயத்தைவிட அதன் மரபணுவின் மெத்தில் ஏற்றத்தையே மருத்துவர்கள் நம்புகின்றனர்.

பழுப்பு நிறம் தோன்றாமையையும் கவனத்துடன் படிக்க வேண்டும். அந்த எதிர்ப்பொருள் ஐ.டி.எச்.1 மாற்றங்களுள் பத்தில் ஏறத்தாழ ஒன்பதையே காணும். இளவயதினரிடம் சாயம் ஏறவில்லையெனில் மரபணு வரிசை அறிதல் தேவைப்படும்.

தங்கவயல் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்ட பின்னர் அப்பகுதி மக்களுள் பலர் நாள்தோறும் பிழைப்புக்காகப் பெங்களூருவுக்கு இரயிலேறுகின்றனர். பூதிகோட்டை போன்ற ஊரில் ஒருவருக்குத் திடீரென வலிப்பு வந்து, மூளையில் கட்டி எனத் தெரிந்தால், அக்குடும்பமும் அதே வழியில்தான் செல்ல வேண்டும். முழு மரபணுப் பகுப்பாய்வு அவர்களுக்கு எட்டாததாகலாம். சாயச் சோதனையோ அதனினும் எளியது, செலவு குறைந்தது. ஆகவே நோயியல் அறிக்கையில் கட்டியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. எந்தக் குறிப்பான்கள் சோதிக்கப்பட்டன, எவை சோதிக்கப்படவில்லை என்பதும் தெளிவாக எழுதப்பட்டிருத்தல் வேண்டும். மெழுகுக் கட்டையில் திசு இருக்கும்வரை, விடுபட்ட வினாவைப் பின்னரும் கேட்கலாம். வினா விடுபட்டது என்பதை அறிந்தவரே அதைக் கேட்க முடியும்.